பிறை நடத்தும் பரிசோதனை

குவைத் பல்கலைக்கழக மாணவர்கள் கையில் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. அதில் நான்கே கேள்விகள். உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி? மனநலம் எப்படி? எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? உங்கள் மார்க்கப் பற்று எந்த அளவு? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 0 முதல் 10 வரை எண்கள். தனக்குப் பொருந்தும் எண்ணைச் சுழித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இந்த முறையைக் கையாண்டவர் அகமது அப்துல் காலிக் என்ற எகிப்திய உளவியல் பேராசிரியர். 2,210 மாணவ மாணவியரிடம் இப்படித் திரட்டிய விடைகளை 2006-ல் வெளியிட்டார். நான்கு விடைகளும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. பற்று மிகுதி என்று சுழித்தவர்கள் மகிழ்ச்சியிலும் சற்று உயர்ந்த எண்ணையே சுழித்திருந்தார்கள். ஆனால் ஒருவர் மகிழ்ச்சிக்கு என்ன எண் போடுவார் என்பதைக் கணிக்க இருப்பதிலேயே அதிகம் உதவியது அவருடைய மனநல எண்தான். மார்க்கப் பற்று அதற்குப் பின்னால்தான் வந்தது. ‘பக்தி மிக்க மாணவர்களே மகிழ்ச்சியானவர்கள்’ என்று செய்தி பரவும்போது இந்தப் பின்பாதி எப்போதும் உதிர்ந்துவிடுகிறது.

ஒரு மனிதனின் மகிழ்ச்சியை ஒற்றை எண்ணில் அடக்கிவிட முடியுமா என்று கேட்கத் தோன்றும். அப்துல் காலிக்குக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அந்த ஒற்றைக் கேள்வியை ஒரு குழு மாணவர்களிடம் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டு விடைகளுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.86. முழுப் பொருத்தம் என்றால் 1. தொடர்பே இல்லையென்றால் 0. ஆக, சுழிப்பவர்கள் மனம் போன போக்கில் சுழிக்கவில்லை. அன்றைய வெயில், காலையில் வாங்கிய திட்டு, மதியச் சாப்பாடு இவற்றையெல்லாம் தாண்டி, நிலையாக இருக்கும் ஏதோ ஒன்றை அந்த எண் தொடத்தான் செய்கிறது.

ஏன் எப்போதும் மாணவர்கள்? கௌரவமான காரணம் ஒன்று உண்டு, கௌரவம் குறைந்த காரணம் ஒன்றும் உண்டு. இரண்டாவதை முதலில் சொல்லிவிடலாம். உளவியல் பேராசிரியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், பேனாவும் கையுமாக, எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மாணவர்கள்தான். மனித மனத்தைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பதில் கணிசமான பங்கு, வகுப்பில் மாட்டிக்கொண்ட இருபது வயதுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே. கௌரவமான காரணம் என்னவென்றால், மார்க்கம் வீட்டுச் சொத்தாக இருந்த நிலை மாறி ஒருவரின் சொந்தத் தீர்மானமாக ஆகிற வயது அது. வீட்டில் இருந்தவரை சுபுஹு தொழுகைக்கு அம்மா எழுப்புவார். விடுதியில் எழுப்ப ஆளில்லை. எழுந்தால் அது அவராக எழுந்தது. மனச்சோர்வும் பதற்றமும் பலருக்கு முதன்முதலாகத் தலைகாட்டுவதும் இதே வயதை ஒட்டித்தான்.

குவைத்தில் தொடங்கிய வேலை அங்கேயே நிற்கவில்லை. இங்கிலாந்தில் லெஸ்லி பிரான்சிஸ் என்ற பேராசிரியர் இருக்கிறார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் பாதிரியாரும்கூட. கிறிஸ்தவத்தின் மீது ஒருவருக்கு இருக்கும் மனப்பாங்கை அளக்க 1978-ல் 24 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். பிறகு அப்துல்லா சாஹின் என்ற அறிஞருடன் சேர்ந்து அதை இஸ்லாத்துக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். அதில் 23 வாக்கியங்கள். எத்தனை வேளை தொழுகிறீர்கள் என்று இந்த அளவுகோல் கேட்பதில்லை. தொழும்போது உள்ளுக்குள் என்ன நிகழ்கிறது, இறைவனின் நினைப்பு ஆறுதலாக இருக்கிறதா, சுமையாக இருக்கிறதா என்ற திசையில் கேட்கிறது. இன்னொரு பக்கம் மகிழ்ச்சியை அளக்க, ஆக்ஸ்போர்டில் மைக்கேல் ஆர்கைலின் குழு 1989-ல் தயாரித்த 29 பகுதிகள் கொண்ட வினாத்தாள். மனச்சோர்வை அளக்க ஏற்கெனவே மருத்துவர்கள் பயன்படுத்திவந்த பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, மேலும் சில பகுதிகளைச் சேர்த்துச் செய்தது அது. துக்கத்தை அளக்கத்தான் உளவியல் முதலில் கற்றுக்கொண்டது. மகிழ்ச்சிக்கு அந்தச் சட்டையையே உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

துருக்கியிலும் மலேசியாவிலும் பல்கலைக்கழக மாணவர்களிடம் பிரான்சிஸும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்தினார்கள். கலகலப்பானவர்கள் இயல்பிலேயே மகிழ்ச்சி எண்ணில் மேலே இருப்பார்கள், எதற்கும் பதறுகிறவர்கள் கீழே இருப்பார்கள். இது பல நாடுகளில் காணப்படுவது. அந்தச் சுபாவ வித்தியாசத்தைக் கணக்கில் கழித்த பிறகும், மார்க்கத்தின் மீது நல்ல மனப்பாங்கு உள்ளவர்கள் சற்றுக் கூடுதல் மகிழ்ச்சியுடன் இருந்தார்கள்.

சற்று என்றால் எவ்வளவு? இங்கேதான் எண்களின் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இத்தகைய மாணவர் ஆய்வுகளில் ஒட்டுறவுக் கெழு 0.2, 0.3 என்று வந்தாலே ஆய்வாளர்கள் திருப்தி அடைகிறார்கள். 0.3-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.09. அதாவது, மாணவருக்கு மாணவர் மகிழ்ச்சியில் காணும் ஏற்றத்தாழ்வில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே மார்க்கப் பற்றோடு இணைத்துப் பேச முடியும். மீதி 91 சதவீதம் வேறு எதையெதையோ பொறுத்தது: உடம்பு, பணம், நட்பு, காதல், தூக்கம், அப்பாவின் கோபம். பொதுவாக மதப்பற்றையும் மனச்சோர்வையும் பற்றி 2003-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று 147 ஆய்வுகளைச் சேர்த்து, 98,975 பேரின் தரவுகளைப் பார்த்தது. பற்று கூடக் கூட மனச்சோர்வு குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஒட்டுறவு மைனஸ் 0.096. பெருக்கிப் பார்த்தால் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தொடர்பு இருக்கிறது, ஆனால் மெலிந்த தொடர்பு. மேடைப் பேச்சுக்கு இது போதாது. அறிவியலுக்கு இது போதும், ஏனென்றால் இத்தனை சிறிய தொடர்பு ஏன் சில இடங்களில் பெரிதாகிறது, சில இடங்களில் காணாமலே போகிறது என்ற கேள்விதான் சுவையானது.

காணாமல் போகத்தான் செய்கிறது. அதே பிரான்சிஸ், அதே பாணி அளவுகோல்களோடு ஜெர்மன் மாணவர்களைப் பார்த்து 2003-ல் எழுதியபோது, மதத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி ஒரு தொடர்பும் கிடைக்கவில்லை. கிறிஸ்தவம் பலிக்கவில்லை, இஸ்லாம் பலித்தது என்று இதை வைத்து யாராவது முடிவுகட்டினால் அவசரப்பட்டவர் ஆவார். வித்தியாசம் மதத்தில் இல்லாமல் மண்ணில் இருக்கலாம்.

எட் டீனர், லூயி டே, டேவிட் மையர்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2011-ல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளின் காலப் கருத்துக்கணிப்புத் தரவுகளை எடுத்துக்கொண்டு இதைத்தான் ஆராய்ந்தார்கள். பசியும் பாதுகாப்பின்மையும் மிகுந்த நாடுகளில் மதப்பற்று பரவலாக இருந்தது. அங்கே பற்றுள்ளவர்கள் மற்றவர்களைவிட நிறைவாகவும் இருந்தார்கள். வாழ்க்கை வசதியாகவும் பாதுகாப்பாகவும் அமைந்த நாடுகளில் பற்றுள்ளவரும் இல்லாதவரும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைவோடு இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஓல்கா ஸ்டாவ்ரோவாவும் உடன் ஆய்வாளர்களும் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். மதப்பற்றைச் சமூகம் எங்கே மெச்சுகிறதோ அங்கேதான் பற்றுள்ளவர்களின் மகிழ்ச்சிக் கூடுதல் பெரிதாக இருக்கிறது. ஊரோடு ஒத்து வாழ்வதில் ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்தையும் சேர்த்துத்தான் நாம் மார்க்கப் பற்றின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறோம் போலும்.

குவைத் மாணவரின் தாளை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். சுற்றிலும் எல்லோரும் நோன்பு வைக்கிற ஊரில், மார்க்கப் பற்று என்ற வரிசையில் 2 என்று சுழிக்கக் கை எழுமா? 2 என்று சுழிக்கும் ஒருவர், வீட்டிலும் வகுப்பிலும் எத்தனை முகச்சுளிப்புகளைத் தாண்டி வந்திருப்பார்? அவருடைய மகிழ்ச்சி எண் குறைவாக இருந்தால், குறைந்தது எதனால்? இறைவனிடமிருந்து விலகியதாலா, அக்கம்பக்கத்திடமிருந்து விலகியதாலா? தாளில் அதற்கு இடமில்லை.

இதன் மறுபக்கம் அமெரிக்காவில் தெரிகிறது. 1963-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை அமைத்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஓர் அறை வேண்டும், பெருநாளைக் கொண்டாட நாலு பேர் வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு இருந்தது. இன்று வட அமெரிக்காவின் எண்ணற்ற வளாகங்களில் அந்தச் சங்கங்கள் இருக்கின்றன. சிறுபான்மையாக வாழும்போது மார்க்கம் ஊர் தரும் பாராட்டுப் பத்திரம் அல்ல. பல சமயம் ஊர் முறைத்துப் பார்ப்பதற்குக் காரணம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் ரானியா அவாத் 2021-ல் உடன் ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்ன அமெரிக்க முஸ்லிம் பெரியவர்கள் 7.9 சதவீதம். மற்ற மதத்தவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு வாய்ப்பு. தற்கொலையை இஸ்லாம் கண்டிப்பாகத் தடுக்கிறது. அந்தத் தடை மட்டும் காப்பாற்றப் போதவில்லை. பாகுபாட்டின் அழுத்தம், மனநோயைப் பற்றி வெளியே பேசக் கூச்சம் ஆகியவற்றை நோக்கி ஆய்வாளர்கள் விரலை நீட்டுகிறார்கள். ‘நன்றாகத் தொழு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று மனம் உடைந்த மாணவரிடம் சொல்லி அனுப்பிவிடும் பெரியவர்களுக்கு இந்த எண்ணை யாராவது எடுத்துக் காட்ட வேண்டும்.

அப்படிச் சொல்லி அனுப்புவது பழைய இஸ்லாமிய மரபும் அல்ல. பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கி 934-ல் காலமானவர். உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து அவர் எழுதிய மருத்துவ நூலில், காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாமல் வந்து கவியும் துக்கத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். பின்னதன் வேர் உடலிலேயே இருக்கலாம், அதற்கு உடலுக்கான சிகிச்சையும் தேவை என்பது அவர் கருத்து. ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு குவைத்தின் தாள், மகிழ்ச்சியை முன்னறிவிப்பதில் முதல் இடம் மனநலத்துக்கே என்று காட்டியதைக் கேட்டிருந்தால் அவர் வியந்திருக்க மாட்டார்.

பற்று எவ்வளவு என்பதைப் போலவே, எப்படிப்பட்ட பற்று என்பதும் முக்கியம் என்று உளவியல் கண்டுகொண்டது அறுபதுகளில். கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967-ல் மதப்பற்றை இரண்டாகப் பிரித்தார்கள்: மதத்தை வாழ்கிறவர்கள், மதத்தைப் பயன்படுத்துகிறவர்கள். முன்னவருக்கு அதுவே நோக்கம். பின்னவருக்கு அது நல்ல பெயருக்கோ, தொடர்புகளுக்கோ, பாதுகாப்புக்கோ ஒரு வழி. மேலே சொன்ன 147 ஆய்வுகளின் தொகுப்பிலும் இந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது வகையினரிடம் பற்று கூடும்போது மனச்சோர்வும் கூடவே கூடியது.

உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதை இன்னும் கூர்மையாக்கினார். கஷ்டம் வரும்போது ஒருவர் தம் மதத்தை எப்படிக் கையில் எடுக்கிறார் என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி. இறுதியாண்டுத் தேர்வில் தோற்ற இரண்டு மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஐந்து வேளை தொழுகிறவர்கள், இருவரும் ஒரே விடுதி. ஒருவர் முடிவைப் பார்த்துவிட்டு, ‘அல்லாஹ் இதில் ஏதோ நன்மை வைத்திருப்பான், பொறுமையாக இருப்போம், அடுத்த முறை எழுதுவோம்’ என்கிறார். மற்றவர், ‘நான் செய்த பாவத்துக்கு அல்லாஹ் கொடுத்த தண்டனை இது, என்னை அவன் கைவிட்டுவிட்டான்’ என்று சுருண்டு படுக்கிறார். 0 முதல் 10 வரையிலான தாளில் இருவரும் 9 என்றே சுழிப்பார்கள். பார்கமென்டும் ஹிஷாம் அபூ ரையாவும் மற்ற இருவரும் சேர்ந்து முஸ்லிம்களுக்கென்றே தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கி 2008-ல் வெளியிட்டார்கள். நம்பிக்கை, கடமை, நல்லொழுக்கம், சோதனையில் இறைவனைச் சார்ந்து நிற்பது என்று பல கிளைகள் அதில் உண்டு. மார்க்கத்தோடு உள்ளுக்குள் நடக்கும் போராட்டமும் ஒரு கிளை. தாம் நம்புவதையே சந்தேகிப்பது இந்தக் கிளையில் அடங்கும். மற்ற கிளைகள் பெரும்பாலும் நலத்தோடு கைகோத்து நின்றபோது, இந்தக் கிளை மனநலக் குறைவோடு நின்றது.

அந்தப் போராட்டத்தின் புகழ்பெற்ற சாட்சி ஒரு பேராசிரியர். இமாம் கஸ்ஸாலி 1091-ல் பாக்தாதின் நிஜாமிய்யா கல்விச்சாலையில் தலைமை ஆசிரியரானபோது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள், அரசவையில் செல்வாக்கு, இஸ்லாமிய உலகம் எங்கும் பெயர். 1095-ல் ஒருநாள் பாடம் நடத்த நா எழவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவர்கள் இது உள்ளத்திலிருந்து வந்த நோய், மருந்துக்கு அடங்காது என்று கைவிரித்தார்கள். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆல்போர்ட் 1967-ல் போட்ட கோட்டின் மேலேயே அவர் நின்றுகொண்டிருந்தார் என்று சொல்லலாம். பதவியை விட்டு டமாஸ்கஸுக்கும் ஜெருசலேமுக்கும் போனார். ஆண்டுகள் கழித்து, மகிழ்ச்சியை அடையும் ரசவாதம் என்ற பொருள்பட ‘கீமியாயே ஸஆதத்’ என்ற நூலைப் பாரசீகத்தில் எழுதினார். பாக்தாதில் இருந்த கடைசி மாதங்களில் அவர் கையில் குவைத்தின் தாளைக் கொடுத்திருந்தால், பற்றுக்கும் மகிழ்ச்சிக்கும் அவர் சுழித்திருக்கக்கூடிய எண்கள் ஆய்வாளரின் வரைபடத்தில் ஒரு மூலையில் தனியாக நின்றிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் உடன் நிகழ்வுகள். பற்றால் மகிழ்ச்சி வந்ததா, மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்குத்தான் எழுந்து பள்ளிவாசலுக்குப் போகத் தெம்பு இருக்கிறதா? மனச்சோர்வு கண்டவர் போர்வையை விட்டு எழுவதே பெரும்பாடு; சுபுஹு ஜமாஅத்துக்கு எங்கே போவார்? வினாத்தாள்கள் எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. விடை வேண்டுமென்றால் பரிசோதனை செய்ய வேண்டும். யாரையாவது பற்றுள்ளவராகவும் வேறு யாரையாவது பற்றற்றவராகவும் ஆய்வுக்கூடத்தில் மாற்றிப் பார்க்க முடியுமா என்ன?

சிறு அளவில் முயன்றிருக்கிறார்கள். நன்றியுணர்வைப் பழகினால் மனம் தெளியும் என்பதை அமெரிக்க மாணவர்களிடம் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-ல் காட்டியிருந்தார்கள். நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டு எழுதிவைப்பதுதான் பயிற்சி. மலேசியாவின் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்ஸஹீலும் நூரைனி நூரும் இதையே முஸ்லிம் மாணவர்கள் 60 பேரை வைத்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். ஒரு குழு அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தும் இஸ்லாமிய வழியில் பழகியது. இன்னொரு குழு மதச் சாயலே இல்லாத நன்றிப் பட்டியலை எழுதியது. மூன்றாவது ஒப்பிடுவதற்கான குழு. இஸ்லாமிய வழியில் பழகியவர்களின் மகிழ்ச்சி உயர்ந்தது. குழுவுக்கு சுமார் இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஆகவே இதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய அளவில் பரிசோதனை செய்ய மனிதர்களால் ஆகாது. குலுக்கல் சீட்டால் ஆகும். பாகிஸ்தானில் ஹஜ்ஜுக்குப் போக விண்ணப்பித்தவர்கள் மிகுதியாக இருந்தார்கள், இடங்கள் குறைவாக இருந்தன. அரசு குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. 2006 ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்த 1,600-க்கும் மேற்பட்டவர்களைக் கிளிங்கிங்ஸ்மித், குவாஜா, கிரெமர் என்ற பொருளியலாளர்கள் பின்னர் தேடிப்போய்ப் பேட்டி கண்டார்கள். போனவர்களும் போகாதவர்களும் ஒரே அளவு ஆசைப்பட்டவர்கள். பிரித்தது சீட்டு மட்டுமே. ஹஜ்ஜு செய்துவந்தவர்கள் கூடுதலாகத் தொழுதார்கள், நோன்பு வைத்தார்கள். பிற பிரிவினரையும் பிற மதத்தினரையும் முன்னைவிட விசாலமாகப் பார்த்தார்கள். பெண் கல்வியை ஆதரித்தார்கள். பற்று கூடியது, மனமும் விரிந்தது. மகிழ்ச்சி? அது கூடவில்லை. குறிப்பாகப் பெண்களிடம் மனவருத்தத்தின் அறிகுறிகள் சற்று மிகுந்தே காணப்பட்டன. கடினமான பயணத்தின் களைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். வேறு நாட்டுப் பெண்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தம் வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2009-ல் வெளியான இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் பற்று கூடினால் மகிழ்ச்சி கூடியே தீர வேண்டும் என்ற எளிய சமன்பாட்டை அது நாகரிகமாக உடைத்துவிடுகிறது.

இன்னொரு குலுக்கல் வானத்தில் நடக்கிறது. அதுதான் இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்தது.

இஸ்லாமிய ஆண்டு பிறைக் கணக்கு. அதற்குச் சுமார் 354 நாள்கள். சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 11 நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் கோடை, குளிர் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. நோன்பு வைகறையிலிருந்து சூரியன் மறையும் வரை. சென்னையில் இதனால் பெரிய மாற்றம் தெரியாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், டிசம்பர் நோன்பு பன்னிரண்டரை மணி நேரம் என்றால் ஜூன் நோன்பு பதினாலு மணி நேரத்தை ஒட்டி இருக்கும். எந்தப் பருவத்தில் வந்தாலும் நோன்புக் கஞ்சிக்காகக் காத்திருக்கும் நேரம் இங்கே சுமார் ஒன்றரை மணிதான் கூடும், குறையும். வடக்கே போகப் போக ஊசல் பெரிதாகிறது. டாக்காவில் குளிர்காலத்தில் 12 மணி, கோடையில் 15 மணி. அங்காராவில் குளிர்காலத்தில் 11 மணி, கோடையில் 17 மணி. ரமலான் டிசம்பரில் வந்தால் வங்கதேச மாணவரின் நோன்பு நீளம். ஜூனில் வந்தால் துருக்கி மாணவரின் நோன்பு நீளம். இதை எந்த அரசும் தீர்மானிக்கவில்லை, எந்த மாணவரும் தேர்ந்துகொள்ளவில்லை. பூமியின் சாய்வும் நிலவின் ஓட்டமும் சேர்ந்து பகிர்ந்தளித்த நேரம் அது. பரிசோதனைக்கு வேண்டியது இதுவே: ஆளைப் பார்க்காமல் விழும் பகடை.

ஃபிலிப்பே கம்பான்டே, டேவிட் யனகிசாவா டிராட் என்ற பொருளியலாளர்கள் இதைக் கவனித்தார்கள். அட்சரேகையையும் பிறை நாள்காட்டியையும் சேர்த்து, நாடுவாரியாக, ஆண்டுவாரியாக நோன்பின் நீளத்தைக் கணக்கிட்டார்கள். ஒரு பக்கம் பொருளாதார வளர்ச்சிப் புள்ளிகள், மறுபக்கம் உலக விழுமியக் கருத்துக்கணிப்பில் மக்கள் தங்கள் மகிழ்ச்சிக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் கொடுத்த விடைகள். 2015-ல் வெளியான முடிவு இருமுனை கொண்டது. நோன்பு நீளமாக அமைந்த ஆண்டுகளில் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளின் வளர்ச்சி குறைந்தது. அதே ஆண்டுகளில் முஸ்லிம்களின் மகிழ்ச்சி கூடியது.

பசியில் வேலை ஓடாது, அதனால் வளர்ச்சி குறைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். தரவுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உழைப்புத் திறன் நேரடியாகக் குறைந்ததைக் கொண்டு இந்த முடிவை விளக்க முடியவில்லை என்கிறார்கள். மாறியது மனிதர்களின் முன்னுரிமை. நீண்ட நோன்பைக் கடந்தவர்கள் வேலைக்கும் பொருளுக்கும் கொடுக்கும் இடத்தைச் சற்றுக் குறைத்து, மார்க்கத்துக்குக் கொடுக்கும் இடத்தைக் கூட்டிக்கொண்டார்கள். அது அந்த மாதத்தைத் தாண்டியும் நீடித்தது. கடினமானது மகிழ்ச்சி தருவது முரணாகத் தெரியலாம். ஆனால் தனியாகப் பட்டினி கிடப்பது வேறு, ஊரே சேர்ந்து நோன்பிருப்பது வேறு. பதினேழு மணி நேரம் காத்திருந்தவர்கள் ஒரே விரிப்பில் உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாங்கு ஒலிக்காகச் சேர்ந்து காது கொடுக்கிறார்கள். சர்ச்சுக்குப் போவது எப்படி மகிழ்ச்சி தருகிறது என்று அமெரிக்காவில் சாயூன் லிம்மும் ராபர்ட் பட்னமும் 2010-ல் ஆராய்ந்தபோது, அங்கே நெருங்கிய நண்பர்கள் உள்ளவர்களுக்கே வாழ்க்கைத் திருப்தி கூடியது. தவறாமல் போயும் நண்பர்கள் இல்லாதவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இறைவனைத் தேடிப் போகிறவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரும் கிடைக்கிறார். கருத்துக்கணிப்பின் எண்களில் அந்தப் பக்கத்து ஆளின் பங்கு கணிசம் என்பதே என் எண்ணம். ஹஜ்ஜுக்கும் நோன்புக்கும் இடையிலான வித்தியாசத்தைக்கூட இப்படிப் பார்க்கலாம். ஹஜ்ஜு ஒருவரை அவருடைய ஊரிலிருந்து வெளியே எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. நோன்பு அவரை அவருடைய ஊருக்குள்ளேயே இன்னும் ஆழமாக நடுகிறது.

இந்தப் பொருளியல் ஆய்வு மாணவர்களை மட்டும் தனியே பார்த்ததல்ல. எல்லா வயதினரையும் பார்த்தது. மாணவர்களைப் பொறுத்தவரை தேர்வு மாதமும் நோன்பு மாதமும் மோதிக்கொள்வது தனிக் கதை. வைகறைக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுவதால் உறக்கம் உடைகிறது, பகல் வகுப்பில் கண் செருகுகிறது. அந்த வயதினருக்கு இதே பிறைக் கணக்கைப் பொருத்திப் பார்ப்பது கடினமான வேலை அல்ல. குவைத்தின் நான்கு கேள்வித் தாளே போதும். ஒரே நேரத்தில் கோலாலம்பூரிலும் டாக்காவிலும் அங்காராவிலும் ஆண்டுதோறும் அதைக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு நல்ல காலமும் இதுதான். 2015-ல் ரமலான் கோடையின் உச்சியில் வந்தது. அன்றிலிருந்து பின்னோக்கி நகர்ந்து குளிர்காலத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. 2030-ல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு ரமலான்கள் பிறக்கும். அங்காரா மாணவரின் நோன்பு அப்போது 11 மணி நேரமாகச் சுருங்கியிருக்கும். சென்னை மாணவரின் நோன்பு அதைவிட ஒன்றரை மணி நேரம் நீளமாக இருக்கும். கம்பான்டேயும் யனகிசாவா டிராட்டும் கண்டது சரியென்றால், அந்த ஆண்டுகளில் துருக்கியின் வளர்ச்சிக் கணக்கு சற்று ஏற வேண்டும், மகிழ்ச்சிக் கணக்கு சற்று இறங்க வேண்டும்.